வட துருவத்து இனுயிட் மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் இருப்பவர்களிடம் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்கள்: "அங்கே எஸ்கிமோக்களைப் பார்த்திருக்கிறாயா?" அவர்கள் வாழும் நுனாவுட் பகுதியின் தலைநகர் இக்கலுயிட்டுக்கு டொராண்டோவிலிருந்து வடக்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்காகவே இந்தப் பக்கம். கனடாவின் இனுயிட் மக்களைப் பற்றி, அதிலும் பெரும்பாலும் நுனாவுட் பகுதியைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறேன். கிரீன்லாந்து, அலாஸ்கா, ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் எல்லாம் தனித்தனிக் கதை.

எஸ்கிமோ என்றுதானே பள்ளியில் படித்தோம்?

படித்தோம். அது மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர். கனடாவிலும் கிரீன்லாந்திலும் இப்போது அதை யாரும் மரியாதையான சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது இனுயிட் என்று. மக்கள் என்று பொருள். ஒருவர் என்றால் இனுக். பழைய ஆவணங்களிலும் சில நிறுவனப் பெயர்களிலும் எஸ்கிமோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேசும்போது விட்டுவிடுங்கள்.

எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள்?

2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் சுமார் 70,500 பேர். இனுயிட் பூமி நான்கு பகுதிகளாக இருக்கிறது: மேற்கே இனுவியாலுயிட், நடுவே நுனாவுட், கியூபெக் மாகாணத்தின் வடக்கே நுனாவிக், லாப்ரடார் கரையில் நுனாட்சியாவுட். இவற்றில் நுனாவுட் 1999 ஏப்ரல் 1-ஆம் தேதி தனி ஆட்சிப் பகுதியானது. அதன் பரப்பு இந்தியாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதில் வாழ்பவர்கள் 36,858 பேர். நம் ஊர்ப் பக்கம் ஒரு சின்ன நகராட்சிக்குள் அத்தனை பேரையும் அடக்கிவிடலாம்.

மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே சாலை கிடையாது. விமானம், கோடையில் கப்பல், பனிக்காலத்தில் ஸ்னோமொபைல், அவ்வளவுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும்.

இன்னும் பனிவீட்டில்தான் இருக்கிறார்களா?

இல்லை. மரச்சட்ட வீடுகள், ஹீட்டர், இணையம் எல்லாம் உண்டு. வேட்டைக்குப் போன இடத்தில் ராத்தங்கலுக்குப் பனிவீடு கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல ஊர்களில் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. நிலம் ஆண்டு முழுக்க உறைந்து கிடப்பதால் குழாய் பதிப்பது பெரும்பாடு. லாரி வந்து வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும், இன்னொரு லாரி கழிவை எடுத்துப் போகும். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காய்கறியே விளையாத இடத்தில் எப்படி ஆரோக்கியமாக இருந்தார்கள்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. அங்கே வேட்டையாடிக் கொண்டுவரும் சாப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கினால் 'நாட்டுச் சாப்பாடு' என்று வரும். நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை என்று நாம் சொல்வதில் இருக்கும் அதே பெருமை அதிலும் இருக்கிறது. கரிபு மான், சீல், வால்ரஸ், திமிங்கிலம், ஆர்க்டிக் சார் என்ற மீன், வாத்து முட்டை, கோடையில் கொஞ்சம் காட்டுப்பழம்.

எலுமிச்சையைக் காணாமலேயே, வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் வராமல் எப்படித் தப்பினார்கள் என்று ஐரோப்பிய மாலுமிகள் குழம்பியதுண்டு. விடை மக்தாக்கில் இருக்கிறது. திமிங்கிலத்தின் தோலும் அதை ஒட்டிய கொழுப்பும் சேர்ந்த துண்டு அது. வைட்டமின் சி நிறைய. வேக வைத்தால் அந்த வைட்டமின் அழியும். பச்சையாகச் சாப்பிடுவதால் அப்படியே உடம்பில் சேரும். மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத ஊர்களில் வைட்டமின் டி மீனிலிருந்தும் கடல் விலங்குகளின் கொழுப்பிலிருந்தும் வந்தது. இரும்புச் சத்துக்கு சீல் இறைச்சி. எதைத் தின்னக் கூடாது என்பதும் தெரியும். துருவக் கரடியின் ஈரலில் வைட்டமின் ஏ அளவு கடந்து இருக்கும், விஷமாகிவிடும். அதைத் தொட மாட்டார்கள்.

சாப்பிடும் விதத்தையும் சொல்ல வேண்டும். தரையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பார்கள். அதன் நடுவே உறைந்த மீனோ கரிபு இறைச்சியோ கிடக்கும். சுற்றி எல்லோரும் தரையில் உட்கார்ந்து, அவரவருக்கு வேண்டியதைச் சீவிச் சீவி எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் கையில் உலு இருக்கும். பாதி நிலா வடிவத்தில் அலகு, அதன் முதுகில் பிடி. நம் அரிவாள்மனையைப் போலவே அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும் கத்தி. அதே உலுவால்தான் தோலைச் சுரண்டுவார்கள், மக்தாக்கைச் சதுரம் சதுரமாகக் கீறுவார்கள். தட்டு கிடையாது, பரிமாறல் கிடையாது. வந்தவர் யாராக இருந்தாலும் உட்கார இடம் உண்டு.

இப்போது கடையில் எல்லாம் கிடைக்குமே?

கிடைக்கும், விலைதான் கையைச் சுடும். பாலும் பழமும் விமானத்தில் வர வேண்டும். மாவு, டயப்பர் மாதிரியான கெட்டுப்போகாத சாமான்களை வசதி உள்ளவர்கள் கோடைக் கப்பலில் ஆண்டு மொத்தத்துக்கும் சேர்த்து வரவழைத்துக்கொள்வார்கள். கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்கள் வாரா வாரம் கடை விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். ஏழைக்கு எல்லாமே விலை அதிகம் என்பது அங்கேயும் அப்படியே.

2007, 2008-இல் நடந்த இனுயிட் உடல்நல ஆய்வில், நுனாவுட்டில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் சாப்பாட்டுக்கு உத்தரவாதமில்லாத வீடுகளில் இருந்தார்கள். கனடா பணக்கார நாடு என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள். 2011-இல் அரசு ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. மானியம் கடைக்காரர்களுக்குப் போகும், அவர்கள் விலையைக் குறைக்க வேண்டும். முழுதாகக் குறைக்கிறார்களா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. 2012-இல் நுனாவுட் மக்கள் விலைப்பட்டியலைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டு, கடை வாசலிலேயே பதாகையோடு நின்றார்கள். வெளியே காட்டிக்கொள்ளாமல் பொறுத்துப் போவதே பண்பு என்று வளர்ந்தவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை.

என் கருத்தைக் கேட்டால், விமானத்தில் வரும் ஆப்பிளுக்கு மானியம் கொடுப்பதைவிட வேட்டைக்காரருக்குப் பெட்ரோலும் தோட்டாவும் கொடுப்பது மேல். நுனாவிக்கில், அரசோடு 1975-இல் செய்துகொண்ட நில உரிமை ஒப்பந்தத்தின் வழியே இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. வேட்டையாடுகிறவருக்குப் பணம், இறைச்சி ஊர்ப் பொது ஃப்ரீசருக்கு. தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளலாம். 2020-இல்தான் மைய அரசின் திட்டத்திலும் வேட்டைக்கு என்று தனியாகப் பணம் சேர்ந்தது.

அந்த இறைச்சியில் பாதரசம் இருக்கிறதாமே?

இருக்கிறது. தெற்கே இருக்கும் ஆலைகளும் வயல்களும் கக்கியது காற்றிலும் கடலிலும் வடக்கே போய்ச் சேர்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்று, அதை சீல் தின்று, சீலைக் கரடி தின்று, படிக்குப் படி செறிவு கூடுகிறது. 1980-களில் நுனாவிக் தாய்மார்களின் தாய்ப்பாலைச் சோதித்தபோது பிசிபி என்ற வேதிப்பொருள் தெற்கத்திப் பெண்களைவிடப் பல மடங்கு இருந்தது. ஒரு ஆலைகூட இல்லாத இடம்! அந்த வேதிப்பொருட்களைத் தடை செய்யும் 2001 ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உருவாக இனுயிட் தலைவி ஷீலா வாட்-குளூட்டியே போன்றவர்கள் மேசைக்கு மேசை போய் வாதாடினார்கள்.

அதற்காக நாட்டுச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதில்லை. 2012-இல் நுனாவுட்டில் சொன்னது இவ்வளவுதான்: கருவுறக்கூடிய வயதுப் பெண்கள் சீல் ஈரலைத் தவிர்க்கட்டும், இறைச்சி தாராளமாகச் சாப்பிடலாம். ஈரலை நிறுத்தச் சொன்னதற்காகப் பயந்து சிப்ஸ் பாக்கெட்டுக்குப் போனால் நஷ்டம்தான்.

சீல் வேட்டை கொடுமையில்லையா?

தொலைக்காட்சியில் வந்த வெள்ளைக் குட்டி சீல்களின் படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. அந்த வேட்டை அட்லாண்டிக் கரையில் வியாபாரத்துக்காக நடந்தது. இனுயிட் வேட்டையாடுவது பெரும்பாலும் வளர்ந்த வளைய சீல்களை, அதுவும் சாப்பாட்டுக்கு. பனிப்பரப்பில் சீல் மூச்சு விட வரும் சின்ன ஓட்டையின் பக்கத்தில், அசையாமல், மணிக்கணக்கில் நிற்பார்கள். பிடித்த பிறகு ஒரு பழைய வழக்கம் உண்டு. வாயில் பனியை உருக்கி, அந்த நல்ல தண்ணீரைச் செத்த சீலின் வாயில் விடுவார்கள். உப்புக் கடலிலேயே வாழ்ந்த பிராணிக்குத் தாகம் இருக்கும் என்பது நம்பிக்கை. நமக்குக் கடைசி வாய்த் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியும்.

இறைச்சி போக மிஞ்சிய தோலை விற்றுத்தான் பெட்ரோல் வாங்கினார்கள். 1983-இல் ஐரோப்பா குட்டித் தோல் இறக்குமதியைத் தடுத்ததும் மொத்தத் தோல் சந்தையும் படுத்துவிட்டது. ரெசொலூட் என்ற சிற்றூரின் தோல் வருமானம் ஒரே ஆண்டில் சுமார் 54,000 டாலரிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. 2009-இல் வந்த இன்னொரு ஐரோப்பியத் தடை இனுயிட்டுக்கு விலக்கு அளித்தது. வாங்குகிறவன் போன பிறகு விலக்கு எதற்கு? சீல் வேட்டைக்கு எதிரான பிரசாரத்தில் முன்னால் நின்ற கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கனடா கிளை 2014-இல் இனுயிட்டிடம் மன்னிப்புக் கேட்டது.

அவர்களுக்குக் காசநோய் அதிகம் என்கிறார்களே, இந்தக் காலத்திலுமா?

இந்தக் காலத்திலும்தான். 2016 கணக்குப்படி, கனடாவில் பிறந்த பூர்வகுடி அல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இனுயிட் மக்களிடம் காசநோய் விகிதம் ஏறக்குறைய 300 மடங்கு. மரபணுக் கோளாறு ஒன்றுமில்லை. வீடு போதவில்லை. இனுயிட் பூமியில் வாழும் இனுயிட்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நெரிசலான வீடுகளில் இருக்கிறார்கள். எட்டு மாதக் குளிர், மூடிய ஜன்னல், ஓர் அறையில் நான்கைந்து பேர். ஒருவர் இருமினால் போதும்.

ஆனால் அந்த ஊர்களில் பெரியவர்கள் மருத்துவமனை என்றாலே முகம் மாறுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. 1950-இலிருந்து சி.டி. ஹோவ் என்ற அரசுக் கப்பல் கோடைதோறும் கரையோர ஊர்களுக்கு வரும். எல்லோரையும் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் நிழல் தெரிந்தவர்கள் அப்படியே கப்பலில் இருக்க வேண்டியதுதான். கரைக்கு இறங்கிச் சொல்லிக்கொண்டு வர விடமாட்டார்கள். தாயைப் பிடித்து வைத்தால் கைக்குழந்தை கரையில், பிள்ளையைப் பிடித்து வைத்தால் தாய் கரையில். கப்பல் கிளம்பிவிடும். 1956-இல் ஏழு இனுயிட்டில் ஒருவர் தெற்கே ஏதோ ஒரு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், இருந்தார். ஹாமில்டன் நகரத்து சானடோரியத்துக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். மொழி புரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பிய சிறுபிள்ளைகளுக்குத் தாய்மொழி மறந்திருந்தது. செத்தவர்களைத் தெற்கிலேயே புதைத்தார்கள். எங்கே என்று பல குடும்பங்களுக்குச் சொல்லவே இல்லை.

இந்த இடத்தில் சென்னை வருகிறது. 1956-இல், ஆம், அதே ஆண்டில்தான், சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையில் ஒரு சோதனை. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவு அவரவர் நெரிசலான வீட்டிலேயே இருந்து, அதே மாத்திரைகளைச் சாப்பிட்டது. 1959-இல் முடிவு வந்தது. இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தன. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூட அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். தாம்பரம் போகிறவர்கள் 'சானடோரியம்' என்று ரயில் நிலையப் பெயரைப் படித்துவிட்டுப் போகிறோமே, அந்தக் காலத்தின் மிச்சம் அது.

ஆர்க்டிக் ஊர்களில் மாத்திரை கொடுத்துக் கண்காணிக்க அன்றைக்கு நர்சுகூட இல்லை என்பது உண்மை. நர்சை அனுப்புவதா, நோயாளியைக் கொண்டுவருவதா என்ற கேள்விக்குக் கனடா அரசு எடுத்த முடிவுதான் கப்பல். 2019 மார்ச்சில் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இக்கலுயிட் நகருக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். கூடவே நனிலாவுட் என்ற திட்டம் தொடங்கியது. 'தேடிக் கண்டுபிடிப்போம்' என்று பொருள். சவக்குழிப் பதிவுகளைத் தேடி, இன்னார் இங்கே கிடக்கிறார் என்று குடும்பங்களுக்குச் சொல்கிறார்கள். 60 ஆண்டுக்குப் பிறகு அப்பாவின் குழிமேட்டில் நின்று அழுதுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். 2030-க்குள் நோயை ஒழிப்போம் என்பது அரசின் வாக்குறுதி. வீடு கட்டாமல் அது நடக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

பிரசவத்துக்கு என்ன செய்வார்கள்?

நம் ஊரில் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவார்கள். அங்கே அம்மா வீட்டை விட்டுப் போக வேண்டும். நுனாவுட் முழுவதற்கும் ஒரே மருத்துவமனை, இக்கலுயிட்டில். மற்ற ஊர்களில் நர்சுகள் நடத்தும் சுகாதார நிலையம்தான். அதனால் பெரும்பாலான கர்ப்பிணிகளை நாள் நெருங்குவதற்குச் சில வாரம் முன்பே விமானத்தில் இக்கலுயிட்டுக்கோ தெற்கே ஒட்டாவாவுக்கோ வின்னிபெக்குக்கோ அனுப்பிவிடுவார்கள். மூத்த பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம்.

நுனாவிக்கின் புவிர்னிட்டுக் ஊர்ப் பெண்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 1986-இல் தங்கள் ஊரிலேயே பிரசவ நிலையம் தொடங்க வைத்தார்கள். இனுயிட் பெண்களையே அங்கேயே மருத்துவச்சியாகப் பயிற்றுவித்தார்கள். சிக்கலானவர்களை மட்டும் தெற்கே அனுப்பினார்கள். இத்தனை ஆண்டு விவரமும் நன்றாகவே இருக்கிறது. அரசுக்கு அனுப்பத் தெரிந்த அளவுக்கு அங்கேயே செய்துகொடுக்கத் தெரியவில்லை என்பதுதான் காசநோயிலும் பிரசவத்திலும் நான் பார்க்கிற ஒரே குறை.

அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாதாமே?

முன்பு கிடையாது, நம்மைப் போலவே! வெளிநாட்டு விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழித்த தமிழர் எவருக்கும் இது புரியும். 1941-இலிருந்து கனடா அரசு அதற்குக் கண்டுபிடித்த வழி எண். ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சின்ன வட்டத் தகடு, கழுத்தில் மாட்டிக்கொள்ள. கிழக்கே இருந்தால் ஈ, மேற்கே இருந்தால் டபிள்யூ என்று தொடங்கும். 1968 முதல் 1971 வரை ஏப் ஒக்பிக் என்ற இனுக் தலைவர் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டுக் குடும்பப் பெயர் பதிந்தார். எண் போனது.

உள்ளே இருக்கும் பெயர் முறை இன்னும் அழகு. இறந்தவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பார்கள். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவு பெரிதாகக் கிடையாது. பெயரோடு உறவும் வந்துவிடும். தன் அப்பாவின் பெயரைத் தாங்கிய மகனை ஒரு தாய் 'அதாதா' என்று கூப்பிடலாம். அப்பா என்று அர்த்தம். பேரன் என்பதே பெயரன்தான் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இது அந்நியமாகத் தெரியாது.

மொழி எப்படி இருக்கும்?

இனுக்டிடுட் என்று பெயர். தமிழைப் போலவே துண்டுகள் ஒட்டிக்கொண்டே போகும் மொழி, நம்மைவிடத் தீவிரமாக. 'துசாட்சியாருன்னன்ங்கித்துஆலூயுங்கா' என்பது ஒரே சொல். கேள், நன்றாக, முடியும், இல்லை, மிக, நான் என்று துண்டு துண்டாகக் கோத்தது. என்னால் அவ்வளவு நன்றாகக் கேட்க முடியவில்லை என்று பொருள். உயிர் மூன்றே மூன்று: அ, இ, உ. ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில் உண்டு.

நுனாவுட்டில் பலர் எழுதுவது அசை எழுத்தில். 1840-இல் ஜேம்ஸ் எவான்ஸ் என்ற பாதிரியார் கிரீ என்ற இன்னொரு பூர்வகுடி மொழிக்குச் செய்த எழுத்தை இதற்கும் பொருத்திக்கொண்டார்கள். நாம் 'ப'வுக்குக் கொம்பும் சுழியும் போட்டுப் பி, பு ஆக்குகிறோம். அவர்கள் எழுத்தையே திருப்பிப் போடுவார்கள். வடிவம் ஒன்று, எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்த உயிர். நமக்குப் புள்ளி வைத்தால் மெய், அவர்களுக்குப் புள்ளி வைத்தால் நெடில்.

விளக்கேற்றும் வழக்கம் உண்டா?

உண்டு. குல்லிக் என்று பெயர். மாக்கல்லில், நம் கல்சட்டி செய்யும் அதே வகைக் கல்லில், அரை நிலா வடிவத்தில் குழித்த விளக்கு. சீல் கொழுப்புதான் எண்ணெய். பாசியும் ஆர்க்டிக் பருத்திப் பூவின் பஞ்சும் கலந்த திரியை விளிம்பு நீளத்துக்குப் பரப்பி, ஒரு சின்னக் குச்சியால் தள்ளித் தள்ளி, புகையாமல் சீராக எரிய வைக்க வேண்டும். பனிவீட்டில் வெளிச்சம், சூடு, சமையல், ஈரத்துணி காய்வது எல்லாம் இதில்தான். வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. இப்போது வீட்டில் தேவையில்லை. ஆனால் கூட்டம், பட்டமளிப்பு, பதவியேற்பு என்றால் மூத்த பெண் ஒருவர் வந்து குல்லிக் ஏற்றிய பிறகுதான் தொடங்கும்.

பிழைப்புக்கு என்ன வேலை?

அரசு வேலைதான் பெரிது. அதற்கு அடுத்து சுரங்கம். பஃபின் தீவின் மேரி ரிவர் இரும்புச் சுரங்கத்திலிருந்து 2015 முதல் தாது கப்பலேறுகிறது. இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்ற மாதிரி முறை. கப்பல் சத்தத்தால் நார்வால் திமிங்கிலங்கள் விலகிப் போகின்றன என்று வேட்டைக்காரர்கள் சொல்ல, வேலை வேண்டும் என்று வேறு சிலர் சொல்ல, ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கும்.

அப்புறம் சிற்பமும் ஓவியமும். கிங்ஙாயிட் ஊரின் கூட்டுறவுச் சங்கம் 1959-இலிருந்து அச்சு ஓவியம் விற்கிறது. அந்த ஊர்க் கெனோஜுவாக் அஷெவாக் 1960-இல் வரைந்த ஆந்தை தபால்தலையாகவே வந்தது.

இனுயிட் சிற்பம் வாங்க ஆசை. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

விமான நிலையக் கடைகளில் இருக்கும் கறுப்புக் கரடிகளில் பல, பிசினை அச்சில் வார்த்தவை. 1958-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் இக்லூ (பனிவீடு) முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கலைஞர் பெயரும் ஊரும் அதில் இருக்கும். அடிப்பக்கத்தில் கையெழுத்து கீறியிருக்கலாம், அதுவும் பெரும்பாலும் அசை எழுத்தில். பிறகு கையில் எடுங்கள். கல் என்றால் கனக்கும், தொட்டதும் சில்லென்று இருக்கும். அதே கரடி பக்கத்தில் அச்சு அசலாக இன்னொன்று நின்றால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.